இன்னொருக்கா ஊதட்டுங்களா?

மூச்சை அளக்க ஒரு குழாய் உண்டு. ஒரு சாண் நீளம், வெள்ளை பிளாஸ்டிக், மேலே ஒரு சின்ன முள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, வாயை வைத்து, ஒரே ஊதாக ஊதினால் முள் ஓடிப்போய் ஓர் எண்ணில் நிற்கும். மூன்று முறை ஊதச் சொல்லி, அதில் பெரிய எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும். அந்த வருடம் மொரப்பூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நாற்பது பேரை இப்படி ஊதச் சொன்னோம். முப்பத்தொன்பது பேர் ஊதிவிட்டு, முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு, மாட்டைப் பார்க்கவோ பிள்ளையை அடிக்கவோ போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் குழாயைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

“இன்னொருக்கா ஊதட்டுங்களா?”

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆய்வில் சேர்ந்தவர்களின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று எனக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வேலையில் நான் முதல் தடவையிலேயே புரிந்துகொண்ட விஷயம் அது ஒன்றுதான் என்பதால், இன்றுவரை விடாமல் கடைப்பிடிக்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஊர் ஊராகப் புகையில்லா அடுப்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். மண் அடுப்புதான், புகை மட்டும் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் வராமல் ஒரு குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும். கட்டினால் போதுமா, சமைக்கிறவர்களின் மூச்சு தேறுகிறதா என்று யாராவது பார்க்க வேண்டாமா என்று சேலத்தில் ஒரு பேராசிரியருக்குத் தோன்றியது. தோன்றியதற்கு ஒரு சின்னத் தொகையும் கிடைத்தது. அதை நம்பி இரண்டு பேர் வேலைக்கு வந்தோம். ஒருவர் தருமபுரி டவுனைச் சேர்ந்த நர்ஸ் அம்மா; வீட்டுக்காரர் கடைவீதியில் பூட்டு, கீல், தாழ்ப்பாள் விற்பவர். அவரை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். இன்னொருவன் நான். புள்ளியியலில் எம்.எஸ்ஸி. நெட்டுருப் போட்டு வாங்கிய முதல் வகுப்பு.

அடுப்பு கட்டுவதற்கு முன்னால் ஒரு முறை, கட்டி மூன்று மாதத்தில் ஒரு முறை, ஆறு மாதத்தில் ஒரு முறை, வருடம் முடிந்ததும் ஒரு முறை. அதே ஆட்கள், ஊதுகிற அதே குழாய். வீட்டுக்கு ஒருவர், அந்த வீட்டில் சமைக்கிறவர் யாரோ அவர். விதி அவ்வளவுதான். அந்த விதியால்தான், குழாயைத் திருப்பித் தராத அந்த மனிதர் பெண்கள் வரிசையில் வந்து நின்றார்.

நாற்பதைத் தாண்டியவர். மொரப்பூர் ஸ்டேஷனில் சரக்கு வேகனிலிருந்து மூட்டை இறக்குகிற வேலை. கழுத்து தூண் மாதிரி இருக்கும். ஊதுவதற்காகவே குளித்து, வெளுத்த சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வந்திருந்தார்.

“உங்க வூட்ல சமைக்கிறது யாருங்க?” என்று சிஸ்டர் கேட்டார்.

“நாந்தாங்க.”

“வூட்டுக்காரம்மா?”

“அடுப்பு என்னுதுங்க” என்றார்.

சிஸ்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஊரில் விசாரித்தால் அவருக்குக் கல்யாணம் ஆகி அந்த அம்மா பெங்களூர் பக்கம் போய்விட்டதாக ஒரு கட்சி. ஆகவே இல்லை என்று இன்னொரு கட்சி. அவரிடமே கேட்டவர்கள் இரண்டு கட்சியிலும் இல்லை.

வரிசையில் பின்னால் நின்ற பெண் ஒருத்திக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “என்னங்க மாமா, எங்க கூட்டத்துல வந்து நின்னுட்டீங்க? கொழம்புக்கு உப்புப் போட்டாச்சா?”

“போட்டாச்சு புள்ள. எப்படி இருந்துச்சுன்னு உன் வூட்டுக்காரனைக் கேளு. ராத்திரி ரெண்டு கரண்டி வாங்கிக் குடிச்சுட்டுத்தான் வூட்டுக்கே வந்தான்.”

வரிசையே சிரித்தது. அவளும் சிரித்தாள். அவர் சிரித்துவிட்டு, அந்தச் சிரிப்பு அடங்கிவிடுமோ என்று பயந்தவர் மாதிரி அதே வாக்கியத்தை இன்னொரு தரம் சொன்னார். இரண்டாம் தரம் யாரும் சிரிக்கவில்லை.

அவர் அப்படித்தான். எதையும் ஒரு தரத்தோடு முடிக்க மாட்டார். யாரையும் முதல் தடவை கிளம்பியபோதே விட மாட்டார். அவர் வீட்டில் டீ குடித்தால் இரண்டு டீ. கிளம்புகிறோம் என்று எழுந்தால், “இருங்க சார், பப்பாளி ஒண்ணு பழுத்திருக்குது, பறிச்சாந்துர்றேன்” என்று கொல்லைக்குப் போவார். பப்பாளி பழுத்திருக்காது. பழுக்காத மரத்தடியில் நின்று, “போன வாரம் பார்த்தப்ப மஞ்சளா இருந்துச்சுங்களே” என்று காயைப் பார்த்து ஆச்சரியப்படுவார். பிறகு ரோடு வரைக்கும் வருவார். பஸ் வந்து நிற்கும். உள்ளே நாலு பேரும் ஒரு கோழிக்கூடையும் இருக்கும்.

“கூட்டமா இருக்குதுங்க. அடுத்த வண்டியில போய்க்கலாம்” என்பார் முகம் மாறாமல்.

சிஸ்டர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து என்னிடம் சொல்வார்: “தம்பி, இந்த மனுஷன்கிட்ட நீ பேச்சை ஆரம்பிக்காத. ஆரம்பிச்சா நம்ம ரெண்டு பேருக்கும் இங்கயே ரேஷன் கார்டு போடணும்.”

முதல் சுற்றில் அவர் நன்றாகத்தான் ஊதினார். நாற்பது பேரில் அவர்தான் முதல். நாலாவது முறையும் ஊதட்டுமா என்று கேட்டுக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவரிடமிருந்து அதை வாங்குவதற்காக சிஸ்டர் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார்: “போதும் குடுங்க. எல்லாரும் உங்களை மாதிரி ஊதிட்டா எங்களுக்கு இந்த ஊர்ல என்ன வேலை?”

சொன்னவர் மறந்துவிட்டார். கேட்ட நானும் மறந்துவிட்டேன்.

இரண்டாம் சுற்றில் அவர் மூச்சு இறங்கியது. மூன்றாம் சுற்றில் இன்னும் இறங்கியது. நான் எழுதிக்கொண்டேனே தவிர யோசிக்கவில்லை. எனக்கு அப்போது வேறு பயம் இருந்தது.

அந்தப் பயத்தின் பெயர் ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா. ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்ப அளந்து, நடுவில் நாம் செய்த காரியத்தால் ஏதாவது மாறியதா என்று சொல்கிற கணக்கு. வேலைக்கான நேர்காணலில் பேராசிரியர், “இது தெரியுமா?” என்று கேட்டபோது, “நல்லாத் தெரியும் சார்” என்று சொல்லியிருந்தேன். பெயர் நன்றாகத் தெரியும். மூன்றாம் சுற்று முடிந்ததும், இதுவரை வந்ததைக் கணக்குப் போட்டு எடுத்து வா என்று சேலத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்.

எனக்குப் பயம் வந்தால் விக்கல் வரும். பேய், நாய், மேலதிகாரி எல்லாவற்றுக்கும் ஒரே விக்கல்தான். அதில் நான் பாரபட்சம் காட்டுவதில்லை. தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான் இருந்த ஒற்றை அறையில் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு விக்கிக்கொண்டே கூட்டினேன். முதல் சுற்று மூச்சுகளை ஒரு குவியலாகவும் இரண்டாம் சுற்றை ஒரு குவியலாகவும் மூன்றாவதை ஒரு குவியலாகவும் போட்டு, எனக்குத் தெரிந்த சாதாரண அனோவாவை அதன்மேல் ஏற்றினேன். அடுப்பால் எந்தப் பயனும் இல்லை என்று விடை வந்தது. சேலம் பஸ்ஸில் தொப்பூர் வளைவுகளில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு விக்கல் போட்டுக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்தவர் மலைப்பாதை எனக்கு ஒத்துக்கொள்ளாது போல என்று எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

பேராசிரியர் என் தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பி, நீ நாப்பது பேரை மூணு தடவை அளந்தியா, நூத்தி இருபது பேரை ஒரு தடவை அளந்தியா?”

“நாப்பது பேரைத்தான் சார்... இக்... ரெண்டும் ஒண்ணுதானே சார்?”

அவர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு திட்டுவதை விட்டுவிட்டுச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் கருணைக்கு இன்றைக்கும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

“உன் தாள்ல ஒரு அம்மா எப்ப ஊதினாலும் நானூறுகிட்ட வர்றாங்க. இன்னொரு அம்மா எப்ப ஊதினாலும் இருநூறுகிட்டதான். இது அடுப்போட வித்தியாசமா, ஆளோட வித்தியாசமா?”

“ஆளோடது சார்.”

“அப்ப அதை எதுக்குக் கணக்குக்குள்ள தூக்கிட்டுத் திரியறே? அந்தப் பெரிய வித்தியாசத்துக்குள்ள உன் அடுப்பு பண்ணின சின்ன வித்தியாசம் மூழ்கிப்போச்சு. மொதல்ல ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்தைப் பிரிச்சு வெளிய வை. யாரையும் அடுத்தவங்களோட வச்சுப் பார்க்காதே. அந்த அம்மா இன்னிக்கு எப்படி இருக்காங்கன்னு அவங்களோட சொந்த சராசரியில இருந்து பாரு. அதுக்காகத்தானே ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அளக்கிறோம்.”

பாடப்புத்தகத்தில் நாலு பக்கம் இருந்தது, நான் நாலு வருடமாகப் படித்தும் ஏறாதது, அந்த நிமிடத்தில் ஏறியது. விக்கல் நின்றது.

“வெளிய வச்சாச்சா? இப்ப எல்லாரும் ஒரே மாதிரி ஏறியிருந்தா மிச்சம்னு ஒண்ணும் இருக்காது. மனுஷங்க அப்படி ஏற மாட்டாங்க. ஒருத்தர் நிறைய ஏறுவாங்க, ஒருத்தர் கொஞ்சம் ஏறுவாங்க, ஒருத்தர் இறங்குவாங்க. அந்தத் தாறுமாறு எவ்வளவோ, அதுதான் நம்ம அளவுகோல். பொதுவா வந்த ஏத்தம் அந்தத் தாறுமாறை விடப் பெருசா நிக்குதான்னு பார்க்கணும். நின்னா அடுப்பு வேலை செஞ்சுதுன்னு சொல்லலாம். அந்தத் தாறுமாறுக்குப் பேரு என்ன?”

“பிழை சார்.” அது நெட்டுருவில் இருந்தது.

ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு என்று வரைபடத் தாளில் போடச் சொன்னார். கோடுகள் காற்றில் சாய்ந்த சோளத்தட்டு மாதிரி ஒரே பக்கமாக மேலே போயின. ஒரு கோடு மட்டும் எல்லோரையும் குறுக்கே வெட்டிக்கொண்டு கீழே வந்தது.

“யாருய்யா இது? உன் பிழையில பாதியை இவரு ஒருத்தரே தூக்கிட்டு நிக்கிறாரே!”

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. மூட்டை தூக்குகிறவர் அல்லவா, தூக்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டேன். தருமபுரிக்குத் திரும்பி, மெஸ்ஸில் தனியாக ஒரு மேசையில் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது யோசனை வேறு பக்கம் போனது. எல்லோரும் போகிற பக்கம் போகாதவன் எவ்வளவு தூரம் விலகி நிற்கிறான் என்று அளந்து, அதற்குப் பிழை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஊருக்கு வந்து இத்தனை மாதத்தில் என் எதிர் நாற்காலியில் யாரும் உட்கார்ந்ததில்லை. அன்றைக்குப் பரோட்டா பாதி மிஞ்சியது.

அதற்குப் பிறகுதான் உண்மையான பயம் பிடித்தது. மூன்று சுற்றாக ஒரு மனிதனின் மூச்சு இறங்குகிறது. டி.பி.யாக இருந்தால்? புது அடுப்பின் புகைக்குழாய் அடைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குள் மட்டும் புகை சுற்றிக்கொண்டிருந்தால்? நாங்கள் கட்டிய அடுப்பே அவரைக் கொன்றுகொண்டிருந்தால்? விக்கலோடு சிஸ்டரிடம் ஓடினேன். அவரும் பயந்துவிட்டார்.

அடுத்த சில நாட்கள் அந்த மனிதரின் வாழ்க்கையில் திருவிழா என்று நினைக்கிறேன். சிஸ்டர் அவர் வீட்டு அடுப்பில் விறகு வைத்து, குழாயில் புகை போகிறதா என்று கூரைமேல் என்னை ஏற்றிப் பார்த்தார். போனது, என் மூக்கிலேயே போனது. நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணை இழுத்துப் பார்த்தார், சளியை டப்பாவில் துப்பச் சொன்னார். அவர் ஒரு டப்பா கேட்ட இடத்தில் இரண்டு டப்பா துப்பிக் கொடுத்தார். தருமபுரி பெரியாஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே எடுக்க நானே பஸ்ஸில் கூட்டிப்போனேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். ஸ்டேஷனில் வேகன் வராத நாளில் என்ன செய்வார், எந்தக் கடையில் புளி நல்ல புளி, களிக்குக் கேழ்வரகு மாவை எப்போது கொட்ட வேண்டும். எல்லாவற்றையும் இரண்டு தரம்.

எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், “இவருக்கு என்ன கேடு? கொல்லன் துருத்தி மாதிரி இருக்குது நெஞ்சு” என்று சொல்லிவிட்டார்.

எனக்குப் பாதி நிம்மதி, பாதி குழப்பம். அவரை மொரப்பூர் வழியாகப் போகிற அரூர் பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்று ஸ்டாண்டுக்கு வந்தோம். அவர் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தார். அதற்குள் பஸ் கிளம்பி வாசலைத் தாண்டி, திருப்பத்தில் போய்க்கொண்டிருந்தது. நான் கையை ஆட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். ஓட ஓட விக்கல் வந்தது. அவர் டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். இரண்டு கையையும் வாய்க்குக் குவித்தார்.

“ஓஓஓய்ய்ய்!”

டீக்கடைப் பாய்லர் அதிர்ந்தது. வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மா கூடையை இறுக்கிக்கொண்டாள். போக்குவரத்துப் போலீஸ்காரர் தன் விசிலை எடுத்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பவும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். திருப்பத்தைத் தாண்டிவிட்ட பஸ் நின்றது. கண்டக்டர் தலையை நீட்டினார்.

“யோவ், அது தொண்டையா, மில்லு சங்கா?”

எங்கள் நாற்பது பேரில் மூச்சில் கடைசி இடத்துக்கு வந்துவிட்டவர் அவர்தான். எனக்கு அந்த பஸ்ஸில் வேலையே இல்லை. இருந்தும் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஏங்க, குழாயில மட்டும் ஏன் அப்படி ஊதுறீங்க?”

மூக்கனூர் தாண்டுகிற வரைக்கும் துண்டின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“நல்லா ஊதினா நீங்க வர மாட்டீங்கன்னு சிஸ்டரம்மா சொன்னாங்களே” என்றார்.

“எப்பச் சொன்னாங்க?”

“மொத நாளு. எல்லாரும் என்னைய மாதிரி ஊதிட்டா இங்க என்ன வேலைன்னாங்க. அந்தப் பொம்பளைங்கெல்லாம் ஏறிக்கிட்டே போறாங்க சார். நானும் ஏறிட்டா நீங்க எதுக்கு வருவீங்க? யாராவது ஒருத்தருக்காச்சும் தேறாம இருந்தாத்தான...”

சிரிக்கலாமா என்று பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. வருடத்துக்கு நாலு தரம் ஒரு குழாயோடு வந்து, ஊதுங்கள் என்று சொல்லி, முகத்தைப் பார்த்து எண்ணை எழுதிக்கொள்கிற இரண்டு பேருக்காக ஒரு மனிதர் தன் மூச்சை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளதைச் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று தோன்றியது.

“இதுல நல்லா ஊதறது, மோசமா ஊதறதுன்னு ஒண்ணும் இல்லீங்க. நாலு சுத்துதான். அடுத்தது கடைசி. நீங்க எப்படி ஊதினாலும் அதோட முடிஞ்சுது.”

“முடிஞ்சா?”

“முடிஞ்சாக் கணக்குப் போட்டு ரிப்போர்ட் எழுதுவோம்.”

மொரப்பூரில் இறங்கும்போது கேட்டார்:

“நாலாவது நடந்தாத்தான முடியும்?”

“ஆமாங்க” என்றேன். அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று எனக்கு உறைக்கவில்லை.

நாலாவது சுற்றுக்குப் போனபோது முப்பத்தொன்பது பேரும் ஊதினார்கள். அவர் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. சிஸ்டர் பக்கத்து வீட்டில் கேட்டார்.

“காத்தால வண்டி ஏறிட்டாருங்க. ஜோலார்பேட்டை பக்கம் போறேன்னாரு.”

“அங்க யாரு இருக்காங்க?”

“யாரும் இல்லீங்களே. அதாங்க எங்களுக்கும் புரியல” என்றாள் அந்தப் பெண்.

சாயங்காலம் வரை காத்திருந்தோம். மறுநாளும் போனோம். பூட்டு அப்படியே இருந்தது. சிஸ்டர் அந்தப் பூட்டைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “எங்க வூட்டுக்காரர் வித்ததுதான்” என்றார். முதல் நாள் தான் வேடிக்கையாகச் சொன்ன வார்த்தை என்ன செய்தது என்று அவருக்கு இப்போது தெரிந்திருந்தது, நான் சொல்லியிருந்தேன்.

சேலத்தில் பேராசிரியர் தாளைப் பார்த்தார். “நாலாவது இல்லையா? அப்ப இவரை எடுத்துரு.”

“நாலாவதை மட்டுமா சார்?”

“முழு ஆளையும். இந்தக் கணக்குல ஒரு சுத்து விட்டுப்போனா அந்த ஆளே கிடையாது. எல்லாச் சுத்துலயும் இருக்கிறவங்களைத்தான் அவங்களோடயே வச்சுப் பார்க்க முடியும். பாதியில காணாமப் போனவரை எதோட வச்சுப் பார்ப்பே?”

ஸ்கேலை வைத்து அவர் வரிசையின் மேல் ஒரு கோடு இழுத்தேன். மிச்சமிருந்தவர்களை வைத்துக் கணக்குப் போட்டேன். குறுக்கே வெட்டிய கோடு இல்லாததால் தாறுமாறு பாதியாகக் குறைந்திருந்தது. பொதுவான ஏற்றம் அதன்மேல் நிமிர்ந்து நின்றது. அடுப்பு வேலை செய்திருந்தது. என் வாழ்க்கையில் நான் புரிந்துகொண்டு போட்ட முதல் கணக்கு. பேராசிரியர் என் தோளில் தட்டி, “இப்பப் புரிஞ்சுதா?” என்றார். புரிந்தது. தோளில் தட்டிய கை எடுபட்ட பிறகு யாரிடம் போய்ச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. சிஸ்டர் தன் வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு அந்த மாதத்தோடு வேலை முடிகிறது. மெஸ்காரரிடம் சொன்னேன். அவர், “சாம்பார் வேணுமா?” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மொரப்பூர் பஸ் ஏறினேன். எதற்கு என்று கேட்டால் சொல்ல வழியெல்லாம் காரணம் தேடினேன். குடையை விட்டுவிட்டேன் என்று சொல்லலாம். என்னிடம் குடையே கிடையாது. அடுப்புக் குழாயைப் பார்க்க வந்தேன் என்று சொன்னால் திரும்பவும் கூரைமேல் ஏற வேண்டும்.

வீடு திறந்திருந்தது. வாசலில் கயிற்றுக் கட்டில். அவர் குளித்து, வெளுத்த சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார்.

“வாங்க சார், வாங்க! வருவீங்கன்னு தெரியும். நாலாவது பாக்கி இருக்குதுல்ல? ஞாயித்துக்கெழமைன்னாலும் வந்துட்டீங்க பாருங்க!”

“அது முடிஞ்சுதுங்க.”

“எப்படி முடியும்? நான் ஊதலியே.”

“நீங்க ஊதாததனால உங்களை எடுத்துட்டாங்க.”

“எதுல இருந்து?”

“கணக்குல இருந்து.”

அவர் விரல்விட்டு எண்ணினார். “நாலாவது ஊதல, சரி. மூணு ஊதியிருக்கேனே?”

“அந்த மூணையும் சேத்துத்தாங்க. ஒண்ணு இல்லேன்னா எதுவும் செல்லாது.”

“ஊதினது ஊதினதுதானே சார்?” என்றார் மெதுவாக. “மூணு தரம் நான் இங்கதானே நின்னேன். நீங்களும் பார்த்தீங்க.”

நான் ஸ்கேலை வைத்து இழுத்த கோட்டைப் பற்றிச் சொல்லவில்லை. பார்த்தேன் என்று மட்டும் தலையாட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், பை இல்லை. எனக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தார். குழாய்ப் பெட்டியோடு சிஸ்டர் வருகிறாரா என்று.

“அப்ப நீங்க இன்னிக்கு எதுக்கு வந்தீங்க?”

“சும்மாதாங்க.”

“சும்மாவா?”

“சும்மாதான்.”

அந்த வார்த்தையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் நின்றார். டீ போடப் போகவில்லை. பப்பாளி மரத்தைப் பார்க்கவில்லை. குழாயோடு வருகிறவர்களை எப்படி இருத்திக்கொள்வது என்று அவருக்குத் தெரியும். வெறும் கையோடு ஒருவன் வந்து நின்றதும், எந்த வேலையை நீட்டி அவனை நிறுத்துவது என்று தடுமாறினார். வெளுத்த சட்டையின் மேல் பித்தானைப் போட்டார், கழற்றினார். பிறகு கட்டிலின் ஒரு ஓரத்துக்குத் தள்ளி உட்கார்ந்து, எனக்கு இடம் விட்டுவிட்டு, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார்:

“சும்மா வர்றவங்க உக்காந்து என்ன சார் பண்ணுவாங்க?”

எனக்கும் தெரியவில்லை. என் அறைக்கு அப்படி யாரும் வந்ததில்லை.

“தெரியலீங்க” என்றேன். “உக்காந்து பார்ப்போம்.”